அப்பா திவாலாக்கிய நாடு

மறைமலை நகரில் அப்பா வேலை பார்த்த உதிரிபாக ஆலையை மூடியபோது, எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: அப்பாவுக்கு நீண்ட லீவு. லீவில் இருக்கிற மனிதர் தூங்கலாம், டிவி பார்க்கலாம், மேடவாக்கத்து அத்தை வீட்டுக்குப் போய்வரலாம். அப்பா எதையும் செய்யாமல் என் நாட்டை ஆள வந்து உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் இருந்த நாடுதான். ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், கிழக்குத் தாம்பர வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்து, ரயில் விட்டு, துறைமுகம் கட்டி நான் வளர்த்த நாடு. பக்கத்து நாட்டிலிருந்து மலிவுத் துணி வந்து இறங்கியதும் என் மில்கள் படுத்துவிட்டன. வேலையில்லாதவர்களைக் காட்டும் சிவப்புக் கோடு விறுவிறுவென ஏறியது. அவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் கஜானா கரைந்தது. உதவித்தொகையைக் குறைக்கும்படி விளையாட்டின் நிதியமைச்சர் நச்சரித்தார். குறைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் தொகை பழையபடி ஏறியிருந்தது, முன்னைவிட அதிகமாக.

"அப்பா! இத யாரு தொட்டது?"

"நாந்தான். பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க? மில்ல மூடுனது அவங்களா?"

"கஜானா காலியாவுதுப்பா!"

"கடன் வாங்கு."

வாங்கினேன். வட்டி கழுத்தைப் பிடித்தது. நான் குறைப்பதும் அவர் ஏற்றுவதுமாக நாடு நாறிப்போனது. வளர்ந்த மனிதருக்கு இந்தச் சின்னக் கணக்குகூடப் புரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

குரோம்பேட்டை ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்த அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் வழக்கை அவளிடம் கொண்டுபோனேன்.

"சும்மா ஒக்காந்திருக்கறவங்களுக்கு வாரிக் குடுத்தா எவன்மா வேலைக்குப் போவான்? நீயே சொல்லு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரும் சும்மா இல்ல. தேடிட்டு இருக்காங்க" என்றார்.

"விடுடி, அப்பா ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாடினால் பிளக்கைப் பிடுங்குகிற அம்மா! அநியாயம் என்றால் அதுதான் அநியாயம்.

ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். இருவரும் ஆராதனைக்குக் கிளம்பிப் போனதும் எழுந்து உட்கார்ந்து, உதவித்தொகையை ஒரேயடியாக நிறுத்தினேன். கொஞ்ச நேரம் ஊர்வலம், கல்வீச்சு. பிறகு எல்லாம் அடங்கியது. கஜானா நிரம்பியது. அதைவிட அதிசயம், சிவப்புக் கோடும் சரசரவென இறங்கியது. அப்பாவும் அம்மாவும் வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன்.

"பாருங்கப்பா! வேலையில்லாதவங்களே கொறஞ்சுட்டாங்க!"

அப்பா பைபிளை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். மௌஸை வாங்கி வேறொரு பக்கத்தைத் திறந்தார்.

"மொத்த ஜனத்தொகையப் பாரு பாப்பா. அதுவும் எறங்கியிருக்கு. அவங்களுக்கு வேலை கெடைக்கல. ஊர விட்டுப் போயிட்டாங்க."

"போனா போகட்டுமே. நாடு நல்லாயிடுச்சுல்ல?"

திட்டுவார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். "ஆமா, நல்லாதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் அந்த விளையாட்டைத் தொடவில்லை. போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் யார் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் அப்பாவின் லீவு முடிந்துவிட்டது என்றார்கள். வேலை மஸ்கட்டில். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நான் உற்சாகமாகக் கையாட்டினேன்.

திரும்பும் வழியில், இனிமேல் குறுக்கே வர யாரும் இல்லாததால் நாட்டில் என்னென்ன செய்யப்போகிறேன் என்று ஆட்டோவில் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். முதலில் கடனை அடைப்பது, அப்புறம் துறைமுகத்தைப் பெரிதாக்குவது. பல்லாவரம் தாண்டியும் அம்மா வெளியே பார்த்தபடி "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறேன், ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.