அத்தையைப் பார்க்க வந்த ரோட்டரி கார்

எங்கள் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போனதோடு சரி. ஒருவர் மட்டும் தன் காரை எங்கள் முற்றத்தில் விட்டுவிட்டுப் போனார். வேண்டுமென்று விட்டுப்போகவில்லை. அது கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் போகும் சந்து எவ்வளவு குறுகல் என்று தெரிந்தவர்கள் யாரும் அதற்குள் காரைக் கொண்டுவர மாட்டார்கள். இரண்டு பக்கமும் பழைய கிடங்குகளின் சுவர். கார் நுழைந்தால் இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் மிஞ்சும். நடுவில் ஒரு வளைவு வேறு. அதைத் தாண்டினால் பெரியப்பாவின் சுக்குக் கிடங்கு, அதன் பின்னால் சுக்கு காயப்போடும் முற்றம், முற்றத்தின் ஓரத்தில் நாங்கள் குடியிருந்த வீடு. பாட்டனார் காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், முற்றத்தில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. அப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது. கிடங்கில் சரக்கின் தரம் பார்ப்பது அவள் வேலை. ஒரு துண்டுச் சுக்கை ஒடித்து மோந்து பார்த்தே எந்த மூட்டையைத் தள்ளலாம் என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவளைத் தரம் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஏதேதோ காரணம் சொல்லி விலகிப்போனார்கள். இனி எவன் முன்னாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க மாட்டேன் என்று ஒருநாள் அவள் சொல்லிவிட்டாள். அம்மா கெஞ்சிக் கூத்தாடி, இதுதான் கடைசி என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தபிறகுதான் சம்மதித்தாள். அந்தக் கடைசிதான் இந்தக் கார்.

கார்க்காரர் தேவராவில் கப்பல் பழுதுபார்க்கும் இடம் ஒன்றில் வேலையில் இருந்தார். அவருடைய அப்பா மஸ்கட்டில் இருந்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த சிவப்பு நிறக் கார் அது. அப்பா காலமானபிறகு மகன் அதைக் கோயில் தேர்போல் காப்பாற்றி வந்தார். அதற்குள் இருந்தது ரோட்டரி எஞ்சின். ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அதைத் தொட ஆளில்லை. அது வந்து நின்றபோதே ஒரு மாதிரி விக்கிக்கொண்டுதான் நின்றது.

பெரியவர்கள் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கைவண்டிக்கு வழி வேண்டும் என்று யாரோ குரல்கொடுக்க, அவர் எழுந்துபோய்க் காரை நாலடி நகர்த்தி அணைத்துவிட்டு வந்தார். அந்த எஞ்சினுக்கு அது ஆகாது. ஆறின பிறகு ஸ்டார்ட் செய்து சூடேறுவதற்குள் அணைத்தால் பெட்ரோல் உள்ளே தேங்கிவிடும். அவருக்கு அது தெரியாததல்ல. ஆனால் உள்ளே அப்போதுதான் அத்தை வந்து உட்கார்ந்திருந்தாள், அவருக்கு எல்லாமே மறந்துபோயிருக்க வேண்டும். விடைபெற்றுப் போய்ச் சாவியைத் திருகினார். கார் இருமியது, பொருமியது, அடங்கியது. கடைசியில் அவரும் அவர் அம்மாவும் ஆட்டோவில் போனார்கள்.

பெரியப்பா கிடங்குப் படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

“கிளம்புறப்பவே வாசல்ல நின்னுபோச்சு. சகுனம் இதுக்கு மேல என்ன சொல்லணும்? வேண்டாம்னு சொல்லிரு,” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஆலுவாவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை. அவள் புடவையை மாற்றிக்கொண்டு வந்து இட்லிக்கு அரிசி களைந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் சம்பந்தம் முறிந்தது எனக்குப் பெரிய துக்கமில்லை. கார் இங்கேயே கிடக்கிறதே!

தரகர் மூலம் ‘வேண்டாம்’ போய்ச் சேர்ந்தது. ஆனால் கார் போய்ச் சேர வேண்டுமே. இழுத்துப்போகும் வண்டி சந்துக்குள் நுழையாது. ஆள்வைத்துத் தள்ளலாம் என்றார் அப்பா. எஞ்சின் ஓடாவிட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது, அந்த வளைவில் இரண்டு பக்கமும் உரசிவிடும் என்று போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார் அவர். அது தன் அப்பாவின் கார் என்றும் சொன்னார். அதற்குமேல் அப்பா வற்புறுத்தவில்லை. ஆகவே, வேண்டாம் என்று சொல்லப்பட்ட மாப்பிள்ளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பானர் பையோடு எங்கள் முற்றத்துக்கு வந்தார்.

நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். அப்பா என்னைத் தனியே அழைத்து, அப்படிக் கூப்பிடக் கூடாது, அங்கிள் என்று சொல் என்றார். அத்தையைக் கட்டுகிறவரைத்தானே மாமா என்பது, இவர்தான் கட்டப்போவதில்லையே. எனக்கு இரண்டுமே வாயில் வரவில்லை, கார்க்காரர் என்றே வைத்துக்கொண்டேன்.

அன்று அவர் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, தேங்கிய பெட்ரோலை வெளியேற்றி, ஒருவழியாகக் காரைக் கிளப்பிவிட்டார். முற்றம் முழுக்கப் புகை. அம்மா சுக்கின்மேல் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினாள். இந்த எஞ்சின் தனக்காகக் கொஞ்சம் எண்ணெயை எப்போதும் குடித்துக்கொண்டேதான் இருக்கும், அது நோயில்லை, சுபாவம் என்று அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். நோய் வேறு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் உதறிக்கொண்டு நின்றுவிடும். சும்மா நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருப்பதற்குப் பேர் ஐடிலிங், அது நிலைக்கவில்லை. அந்தச் சந்தில் ஆமைபோலத்தான் ஊர்ந்து போக முடியும். ஊரும்போது நிற்கிற காரை வைத்துக்கொண்டு வளைவைக் கடப்பது எப்படி?

எனக்கு ஒரு வேலை கிடைத்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது. “மோளே, முள்ளு ஆடுதா?” என்று பானெட்டுக்குப் பின்னாலிருந்து கேட்பார். “ஆடுது,” என்பேன். பேய்பிடித்ததுபோல் ஆடும். நான் உலகத்திலேயே முக்கியமான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஆனால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஹோட்டலுக்குப் போய்விடுவார். பெண் பார்த்த வீட்டில் பேச்சு முடியாமல் இலையில் உட்கார்ந்து கை நனைக்கக் கூடாது என்பது வழக்கம். இங்கே பேச்சு முடிந்து, அதுவும் இல்லையென்று முடிந்திருந்தது. வெயிலில் வேலை செய்கிற மனிதருக்கு ஒரு பிடி சோறு போட முடியவில்லையே என்று அம்மா அடுப்படியில் புலம்பிக்கொண்டு சாயாவும் பிஸ்கட்டுமாக அனுப்பினாள். கொண்டுபோய் வைப்பது நான்.

அடுத்த ஞாயிறு அவர் முகம் சரியாக இல்லை. எஞ்சினே போயிருக்குமோ என்று பயந்துவிட்டார். இதில் பிஸ்டன் கிடையாது, மூன்று மூலை உள்ள இரும்புக் கட்டை ஒன்று ஒரு கூட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும், இப்படி இரண்டு கூடு உண்டு, அந்த மூலைகள் தேய்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எனக்குக் கையால் சுற்றிக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்படி ஜன்னலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“கிரைண்டர் மாதிரி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பெண் பார்த்த அன்றுகூட இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“கிரைண்டரேதான். கல்லு தேஞ்சிருந்தா மாவு அரையாதுல்லா, அதாக்கும் பயம்,” என்றார்.

எஞ்சின் பற்றாதபடி வயர்களைக் கழற்றிவிட்டு, கீழ்ப் பிளக்கை எடுத்துவிட்டு, என்னைச் சாவியைத் திருகச் சொன்னார். பிளக்கு இருந்த ஓட்டைக்கு அருகில் காதைக் கொண்டுபோனார். மூன்று பக்கத்துக்கும் மூன்று மூச்சு வர வேண்டும், மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஒன்று இளைத்திருந்தாலும் எஞ்சினை இறக்கிவிட வேண்டியதுதான். கழற்றிய பிளக்கை அவர் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். அத்தை ஈரக்கையோடு வாசலுக்கு வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். அவளும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புஸ், புஸ், புஸ் என்று வந்தது. இரண்டாவது கூட்டிலும் அதே.

“மூணும் ஒண்ணுபோல இருக்கு,” என்றாள் அத்தை. அவர் சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தாள். கார் இன்னும் ஓடவில்லை, இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்திலேயே இருந்தாள். எஞ்சினின் உள்பக்கம் நன்றாக இருக்கிறது, எங்கேயோ சின்னதாகக் காற்று உள்ளே போகிறது என்று அவர் சொன்னார். எங்கே என்று தேட வேண்டும். மேல் பிளக்கு வயரும் கீழ் பிளக்கு வயரும் மாறியிருக்கிறதா என்று ஒருநாள் பார்த்தார்கள். காற்று நுழையும் வாயைத் துடைத்து ஒருநாள் போயிற்று. இத்தனைக்கும் நடுவே அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் காதுகொடுக்கவில்லை. எனக்கு முள் இருந்தது. சுக்கைப் பற்றி அவர் நிறையக் கேட்டார், கப்பலைப் பற்றி அவள் நிறையக் கேட்டாள், அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

பிறகு ஒரு ஞாயிறு, அத்தை இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்துவந்தாள். எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு ரப்பர் குழாயின்மேலும் தெளிக்கச் சொன்னார் அவர். வெடித்திருக்கும் இடத்தில் தண்ணீர் பட்டால் ஓட்டை ஒரு நொடி அடைபட்டு, எஞ்சின் சத்தம் மாறும். அவள் தெளித்துக்கொண்டே வந்தாள். பின்பக்கம் மறைந்திருந்த ஒரு சிறு குழாயில் பட்டதும் கார் உதறுவதை விட்டுச் சட்டென்று சீராக ஓடியது. “நின்னுச்சு! முள்ளு நின்னுச்சு!” என்று நான் கத்தினேன்.

அவர் வெடித்த நுனியை வெட்டிவிட்டுக் குழாயை இறுக்கி மாட்டினார். திரும்பவும் ஓடவிட்டார். கார் பூனைபோல் முனகிக்கொண்டு நின்றது. முள் அடித்து வைத்த ஆணிபோல் இருந்தது. நான் கைதட்டினேன். மற்ற இருவரும் தட்டவில்லை. இரண்டு பேரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல காரியம் நடந்த முகமாகவே இல்லை. அவர் கைநீட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார்.

“இன்னும் ஒரு நடுக்கம் இருக்கு, இல்லையா?” என்றார்.

அத்தை பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, “இருக்கு. நானும் கேட்டேன்,” என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முள்ளைப் பார்த்தது நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடிப்போய், கார் சரியாகிவிட்டது, இவர்கள் இல்லை என்கிறார்கள் என்று முறையிட்டேன். அவர் பேப்பரை இறக்காமல் ம் என்றார். அன்று மாலை ஆலுவாவிலிருந்து பெரியப்பா போன் செய்து, அந்தச் சனியன் நகர்ந்ததா, சரக்குக் காயப்போட இடமில்லை என்று கேட்டபோது, “இல்லண்ணே, ஐடிலிங் நிக்க மாட்டேங்குது,” என்று அப்பா கூசாமல் சொன்னார். பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று எனக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான்.

அதற்கடுத்த வாரம் பெரியப்பாவின் பொறுமை போய்விட்டது. ஞாயிறு என்றும் பார்க்காமல் மூட்டை தூக்கும் நாலு சுமட்டுத் தொழிலாளிகளைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்து இறங்கினார். உரசினால் உரசட்டும், இன்றைக்குத் தள்ளி வெளியே விட்டுவிட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே முற்றத்துக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். பானெட் திறந்திருந்தது. அத்தை கன்னத்தில் கரியோடு, எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கார்க்காரர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“ஸ்டார்ட் பண்ணு, பாப்போம்,” என்றார் பெரியப்பா.

நான் சீட்டில் இருந்தேன். சாவியைத் திருகினேன். எஞ்சின் ஒரே பிடியில் பிடித்து, ஒரு விக்கல் இல்லாமல் ஓடியது. கடைசியில் நியாயம் கேட்க ஓர் ஆள் வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். “பாருங்க பெரியப்பா, முள்ளு ஆடவே இல்லை,” என்றேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முள்ளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை எடுத்து, பானெட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கையைப் பார்த்தார். அவள் கையில் கரித்துணியைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆடுதே,” என்றார். “நல்லாத்தான் ஆடுது.”

தொழிலாளிகளிடம் மலையாளத்தில், இன்றைக்கு வேண்டாம், போய்க்கொள்ளுங்கள் என்றார். கார்க்காரரைப் பார்த்து, அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், மெதுவாகப் பார்த்துச் சரிசெய்யலாம் என்றார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, “இலை போடு. தம்பியும் இங்கதான் சாப்பிடுறார்,” என்றார். அம்மா உள்ளே ஓடினாள். அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சாப்பாட்டில் அம்மா அவசரமாகப் பாயசம் வேறு வைத்திருந்தாள், நான் தொடவில்லை. எல்லோரும் இலையைச் சுற்றி அப்படிச் சந்தோஷமாக இருந்தார்கள். அம்மா குனிந்து பரிமாறும்போது அவள் காதில், பெரியப்பாவுக்குக் கண் சுத்தமாகப் போய்விட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல் என்று சொன்னேன்.