பாலத்தின் மேல் ஒரு சமையல்காரர்

மோகனராஜ் அண்ணன் வாழ்நாளில் துவக்கைத் தொட்டவரோ சுட்டவரோ அல்லர். கம்பளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தார். சின்ன வயதிலேயே மடவளைக்குப் போய் ஷிஹாபின் சாப்பாட்டுக் கடையில் தேங்காய் திருவத் தொடங்கினார். முப்பதைத் தாண்டுவதற்குள் அந்த அடுப்படியே அவர் கைக்கு வந்துவிட்டது. அவர் சமைக்கப் போன கல்யாண வீட்டில் யாராவது பேசாமல் சாப்பிட்டால் அவருக்குப் பொறுக்காது. “என்னங்க, உப்பு கூடவா, கொறச்சலா? ஏசிக்கிட்டாவது சாப்பிடுங்க” என்பார்.

விலைவாசி ஏறிக் கடையில் பாதி அடுப்பு அணைந்த வருடம் ஒரு ஏஜென்ட் வந்தான். வெளிநாட்டு இராணுவ முகாமில் சமையல் வேலை என்றான். அவனைப் பற்றிய விசாரணை இன்னும் நடப்பதால் நாட்டின் பெயரை எழுத வேண்டாமென்று அண்ணனின் மனைவி நிரஞ்சனி அக்கா கேட்டிருக்கிறார். பனி பெய்கிற, சண்டை நடக்கிற ஊர்; அவ்வளவு போதும்.

“அங்க குண்டு விழுதாமே மச்சான்” என்று ஷிஹாப் தடுத்துப் பார்த்தார்.

“குண்டு போடுறவனுக்கும் பசிக்கும்ல? நம்ம சட்டிக்குப் பின்னால நிப்போம்” என்று சிரித்தார் அண்ணன்.

போன புதிதில் வீடியோ அழைப்பில் பெரிய அண்டாவைக் காட்டினார். “எதுக்கெடுத்தாலும் உருளைக்கெழங்கு. ஒரு புடி பச்சமொளகா கெடைச்சா இவங்களையெல்லாம் அழ வச்சிருவேன்.” பிறகு அழைப்பு நின்றது.

ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு சத்தமும் இல்லை. கொழும்பில் அதிகாரிகளிடம் போனால் “விசாரிக்கிறோம்” என்றார்கள். காரியம் செய்துவிடலாம் என்ற பேச்சை முதலில் எடுத்தவர் அவருடைய தம்பி யோகராஜ். செத்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்யாவிட்டால் ஆவி தண்ணீருக்கு அலையும் என்பது எங்கள் நம்பிக்கை. உயிரோடிருப்பவருக்குச் செய்துவிட்டாலோ, நாமே அவரைக் கொன்றதாகிவிடும்.

“உசுரோட இருக்கவருக்கு எவன் பிண்டம் வைக்கிறது?” என்று அக்கா சீறினார். “சட்டி கழுவுற எடத்துல யாராச்சும் குண்டு போடுவானா?” கட்டுகஸ்தோட்டையில் தையல் வேலைக்குப் போகும்போது ஊர் பார்க்கட்டும் என்றே குங்குமத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிஹாப் மூச்சிரைக்க லயத்துக்கு ஏறி வந்தார். “தங்கச்சி, இதக் கொஞ்சம் பாருங்க. எனக்கு ஒரு சந்தேகம்” என்று அக்காவிடம் கைத்தொலைபேசியை நீட்டினார். அண்ணன் போன நாட்டு இராணுவம் வெளியிட்ட வீடியோ. நாங்களும் சூழ்ந்துகொண்டோம்.

மூன்று ஹெலிகொப்டர்கள் மரங்களின் தலையை உரசுவதுபோல் வருகின்றன. கீழே உறைந்த ஆறு. அதன்மேல் நீளமான இரும்புப் பாலம். பனி புழுதியாய்ப் பறக்க, ஆட்கள் குதித்து ஓடுகிறார்கள். முகமெல்லாம் மூடியிருக்கிறது. வெடிமருந்துப் பெட்டிகளை இரண்டிரண்டு பேராகத் தூக்குகிறார்கள். ஒருவர் மட்டும் தனியாக, பெட்டியை முதுகில் தொங்கவிட்டு, அதன் வாரை உச்சந்தலையில் மாட்டி, முன்னால் குனிந்து ஓடுகிறார்.

“ஏ, அது எம்புள்ள!” என்று அலறினார் அண்ணனின் தாய் இராஜகுமாரியம்மா. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். “கூடைய மாட்டுற மாதிரி மாட்டியிருக்கான் பாருங்க! எனக்குக் கொழுந்து சொமந்து பழகுனவன். அந்த ஊர்க்காரனுக்கு இது தெரியுமா?”

தெரியாது. அந்த வீடியோவில் வேறு ஒருவரும் அப்படிச் சுமக்கவில்லை. வீடியோவின் கடைசியில் பாலத்தின் நடுவே கொடி ஏறியது. அதன் பக்கத்தில் அதே உருவம் நின்றது.

“அல்ஹம்துலில்லாஹ்! மச்சான் ஹயாத்தோட, உசுரோட இருக்கான்!” என்று அழுதார் ஷிஹாப். மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தோம். யோகராஜ் தன் அண்ணியின் முன்னால் தலைகுனிந்து நின்றார். “என்னா தம்பி, பிண்டத்துக்கு அரிசி ஊறப் போட்டாச்சா?” என்று அக்கா கேட்டதும் லயமே சிரித்தது. அந்த வீடியோவை எப்போது எடுத்தார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

“நம்ம லயத்துலயே பட்டம் வாங்குன புள்ள நீ. இன்னும் வீடியோ ஏதாச்சும் இருக்கான்னு தேடிப் பாரு” என்றார் இராஜகுமாரியம்மா. நானும் பெருமையோடுதான் தேட உட்கார்ந்தேன். தேடியதில் முழு வீடியோ கிடைத்தது. ஷிஹாபுக்கு வந்தது அதன் முன்பாதி.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மிச்சத்தையும் காட்டு தம்பி” என்றார் அக்கா.

கொடி ஏறிய பின்னர் வானத்திலிருந்து எடுத்த காட்சி. பாலம் ஒரு கோடுபோலத் தெரிகிறது, ஆட்கள் புள்ளிகள். முதலில் ஒரு கரையில் புகை, பிறகு மறுகரையில். கடைசியில் நடுப்பாலம் முறிந்து ஆற்றில் விழுகிறது. பாலத்தைப் பிடித்த வீரர்களில் ஒருவரும் திரும்பவில்லை என்று ஒரு குரல் கம்பீரமாகச் சொல்கிறது. திரையின் கீழே ஓடிய ஆங்கில வரியை நான்தான் தமிழில் சொன்னேன். அது நடந்த திகதியும் அதில் இருந்தது: போன வருடத் தைப்பொங்கல் வாரம்.

“அந்தப் பொங்கலுக்கு நான் படம் அனுப்புனேன்” என்றார் அக்கா. “ஏன் பார்க்கலன்னு ஏசுனேன்.”

இராஜகுமாரியம்மா திரையைத் தடவிக்கொண்டே இருந்தார். “பெட்டிய எறக்கி வச்சானா? எறக்குனதக் காட்டவே இல்லையே…”

மரண அறிவித்தல் அடிக்கக் கம்பளைக்குப் போனோம். பெயருக்கு மேலே ‘எதிரியின் பாலத்தைக் கைப்பற்றிய மாவீரர்’ என்று போடச் சொன்னார் யோகராஜ்.

“அது வேணாம்” என்றார் அக்கா.

“ஒலகமே பார்க்குது அண்ணி. எங்க அண்ணன் சும்மா செத்தாருன்னா போடச் சொல்றீங்க?”

“அவரு பாலம் பிடிக்கப் போகல யோகராஜ். சோறாக்கப் போனாரு. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போயிக் கொன்னுட்டாங்க. அவனுங்க வச்ச பேரு நமக்கு எதுக்கு? சமையல்காரர்னு போடு.”

யோகராஜ் அச்சக மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். கணினியில் இருந்த பெண் அந்த வரியை அழித்துவிட்டு அக்கா சொன்னதைத் தட்டினாள். இறந்த திகதி கேட்டாள். நான் சொன்னேன்.

அக்கா அச்சகத்தை விட்டுத் தெருவில் இறங்கினார். பஸ்ஸுக்கு நின்ற சனத்துக்கு நடுவே, சேலைத் தலைப்பால் நெற்றியை அழுத்தித் துடைத்தார்.