இரண்டாவது கியர்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் ஒர்க்‌ஷாப் பிட்டராக இருந்தேன். டிராக்டர், பழ லோரி, தண்ணீர் பம்பு எல்லாம் என் பொறுப்பு. தோட்டத்துக்கென்று ஒரு பழைய காரும் இருந்தது. ஆபீஸ் கடிதங்களைக் கொண்டுபோக, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்காவது முடியாமல் போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கார்தான்.

அதை ஓட்டியவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரு நாள் காரை ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்திவிட்டு, இரண்டாவது கியர் தானாகக் கழன்று வருகிறது என்றார். பள்ளத்தில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கியர் கம்பி துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதாம். ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் ஓட்டுகிறாராம்.

அடியில் படுத்து கியர் பெட்டியின் எண்ணெயை இறக்கினேன். எண்ணெய்த் துளையை அடைக்கும் மூடியின் நுனியில் இரும்புத்தூள் மைபோல அப்பியிருந்தது. கொஞ்சம் தூள் எந்தப் பெட்டியிலும் இருக்கும். இது அதிகம். உள்ளே ஏதோ தேய்கிறது, பெட்டியை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அது பழம் அதிகமாக விழுகிற காலம். ஒரு டிராக்டர் வேறு படுத்துவிட்டது. கார்தான் ஓடுகிறதே, டிராக்டரை முதலில் பார் என்று தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கிராணி சொல்லியிருந்தார். தூளைத் துணியால் துடைத்தேன். புது எண்ணெய் ஊற்றி மூடியை இறுக்கினேன். அடுத்த வாரம் இறக்கிவிடலாம் என்று டிரைவரிடம் சொன்னேன். அடுத்த வாரமும் டிராக்டர் வேலைதான். அதற்கு அடுத்த வாரமும்.

அப்போது என் மனைவிக்கு எட்டு மாதம். முதல் பிள்ளை. ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் பக்கத்து வீட்டு அக்கா ஒர்க்‌ஷாப்புக்கு ஓடிவந்து, அவளுக்கு இரத்தம் போகிறது, நிற்கவில்லை என்றார். நான் லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் டிரைவர் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். பின் சீட்டில் அவளைச் சாய்த்துப் படுக்கவைத்து நானும் ஏறினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தோட்டத்துச் செம்மண் சாலையைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியதும் டிரைவர் மூன்றாவது கியருக்கு மாற்றப் பார்த்தார். கம்பி போனது, கியர் மாறவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

"தம்பி, ரெண்டாவதுலயே மாட்டிக்கிச்சு."

"கம்பியைப் பழைய இடத்துலயே விட்டுருங்கண்ணே. கிளட்சை மெதுவா விட்டு அப்படியே போங்க."

போனோம். இரண்டாவது கியரில் ஒரு கார் எவ்வளவு வேகம் போகுமோ அவ்வளவுதான். எஞ்சின் அலறியது. தஞ்சோங் காராங் வயல்களும் கால்வாயும் ஓரத்தில் மெதுவாக நகர்ந்தன. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போனார்கள். அந்தச் சத்தத்தை வைத்து உள்ளே எது உடைந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் என் தலையில் ஓடவில்லை. அரை மணி நேர வழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. முன்னாடியே வந்திருந்தால் என்று டாக்டரிடம் மலாயில் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்தோம். நான் அழவில்லை. அழாததைப் பார்த்துச் சிலர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவள் ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு வாரம் இருக்க வேண்டியிருந்தது. அவளுடைய அக்கா துணைக்கு இருந்தார். அதற்கடுத்த நாள் காலையில் நான் வேலைக்குப் போனேன். யாரும் சொல்லாமலே காரை உள்ளே தள்ளி, கட்டைகளின் மேல் ஏற்றினேன்.

பெட்டியைக் கழற்ற அரை நாள் ஆனது. கடைசி நட்டு கழன்றதும் அது என் நெஞ்சின் மேல் இறங்கியது. சற்று நேரம் அப்படியே கிடந்தேன். கனமாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். பற்சக்கரங்களைத் தள்ளும் கவை ஒன்று தேய்ந்திருந்தது. அந்தக் கவையை அதன் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் ஊசி இரண்டாக முறிந்திருந்தது. ஊசி முறிந்தால் கம்பியும் தண்டும் மட்டும் நகரும். கவை இருந்த இடத்திலேயே இருக்கும். முறிந்த துண்டு என் சுண்டுவிரல் நகத்தளவு. ஒவ்வொரு சக்கரமாக எடுத்து மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாக வைத்தேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

அன்று மதியம் கிராணி வந்து, எதனால் இப்படி ஆனது, முன்னாலேயே தெரியவில்லையா என்று கேட்டார். டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பழைய வண்டிலா. சொல்லாமக் கொள்ளாம உடைஞ்சிருச்சு."

கிராணி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். டிரைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவருக்கு நன்றியும் சொல்லவில்லை. கிள்ளானிலிருந்து புதுக் கவையும் ஊசியும் வந்ததும் பூட்டினேன். கார் நன்றாக ஓடியது.

அவள் வீட்டுக்கு வந்தாள். சமைத்தோம், சாப்பிட்டோம், தூங்கினோம். குழந்தையைப் பற்றி அவளும் பேசவில்லை. நாலைந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது நானாகவே சொன்னேன். மூடியில் இரும்புத்தூளைப் பார்த்தது, துடைத்தது, மூன்று வாரம் தள்ளிப்போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"தூளைப் பத்தியெல்லாம் எனக்கு என்ன தெரியும்," என்றாள். "நான் படுத்துக்கிட்டே கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டிருந்தேன். எத்தனை லோரி நம்மளத் தாண்டிப் போச்சு. ஒன்னை நிறுத்திருவீங்கன்னு பார்த்தேன்."

எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்கும் தோன்றவில்லை, அவள் சொல்லும்வரை அந்த மாதங்களிலும் தோன்றவில்லை. கையைக் காட்டியிருந்தால் யாராவது நிறுத்தியிருப்பார்கள். அந்தச் சாலையில் நிறுத்தாமல் போகிறவர்கள் குறைவு.

"தோணலை," என்றேன்.

"கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்க. ஆனா காது பூரா அந்தச் சத்தத்துலதான் இருந்துச்சு." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மீனை எடுத்துக்கொண்டு அலசப் போனாள்.

அடுத்த வருஷம் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம். அங்கே எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பிரசவத்துக்கும் நாள் நெருங்குவதற்கு வெகு முன்பே அவள் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகிற தூரத்தில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை கூட நடந்தேன்.