கோயில் வாசலில் தோற்ற வழக்கு

சுடலைமுத்து கூலி கேட்டுப் போட்ட வழக்கு புதுக்கடைக் கோர்ட்டில் தொடங்கி, கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில் தோற்றது. இப்போது எழுதும்போதும் வாய் கசக்கிறது.

திருநெல்வேலிப் பக்கமிருந்து கடல் கடந்து பிழைக்க வந்தவர் அவர். வெள்ளவத்தையில் கதிர்காமநாதன் முதலாளியின் சவர்க்காரத் தொழிற்சாலையில் சோப்புக் கொப்பரை கிண்டுவது அவர் வேலை. எண்ணெயும் காரமும் கொதித்துத் தெறித்த தழும்புகள் முழங்கைவரை வெள்ளை வெள்ளையாக இருக்கும். என்ன நோய் என்று யாராவது கேட்டால், "மொதலாளி குடுத்த போனஸுங்க" என்பார்.

வெள்ளைக்காரனின் யுத்த காலம். பட்டாளத்துக்குச் சவர்க்காரம் மலைமலையாக வேண்டியிருந்தது. முதலாளி கொப்பரையடிக்கே வந்து, "வேலை முடிஞ்சும் நில்லுங்கோ. அந்த நேரத்துக்கு இரட்டைக் கூலி தாறன்" என்றார். எல்லோரும் நின்றார்கள். மாதங்கள் போயின, இரட்டையும் வரவில்லை, ஒற்றையும் வரவில்லை. போய்க் கேட்டபோது, "நான் எப்ப சொன்னனான்?" என்றார்.

தொழிற்சங்கம் வழக்குக்குப் போயிற்று. சங்கச் செயலாளர் ஸஹாப்தீன் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். முதலில் சுடலைமுத்துவின் வழக்கு. அது வென்றால் மற்றவர்களுடையதும் அதே வழியில் என்று முடிவு செய்தார்கள்.

விசாரணையின் நடுவில் முதலாளியின் வக்கீல் இரத்தினசிங்கம் எழுந்தார். சாட்சிகள் எதற்கு? முதலாளி இரட்டைக் கூலி தருவதாகச் சொன்னார் என்று இந்த மனிதர் கொட்டாஞ்சேனைக் கோயிலில், சுவாமி சந்நிதியில், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும். செய்தால் முழுக் கூலியும் கொடுக்கிறோம். செய்யாவிட்டால் வழக்குத் தள்ளுபடி. வெள்ளைக்காரன் தன் சட்டத்தில் இப்படியும் ஒரு சந்து வைத்திருந்தான். மனிதர் பேச்சில் உண்மை எது பொய் எது என்று பார்க்கச் சம்பளம் வாங்கும் நீதிபதி, அந்த வேலையைக் கற்பூரத்திடம் தள்ளிவிடலாம்!

ஸஹாப்தீனுக்கு ஒரே சந்தோஷம். "அண்ணே, நீங்க உண்மதானே சொல்றீங்க? என்னத்துக்குப் பயம்?"

"பயமில்ல நானா." முஸ்லிம்களை அங்கே அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "என்னய உள்ளாற விடுவாங்களா?"

"கோர்ட் ஓடர் அண்ணே! அதுக்கு மேல என்ன ஈக்கி?"

சுடலைமுத்துவும் நம்பினார். கோர்ட்டுக்குத் திறக்காத கதவு ஊரில் உண்டா? இருவரும் சம்மதித்தார்கள். அந்தக் கோயிலின் தருமகர்த்தாவே கதிர்காமநாதன்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. இரத்தினசிங்கத்துக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை, கோர்ட்டிலிருந்து முதலியார் என்ற பதவியிலுள்ள உத்தியோகத்தர் ஒருவர் சத்தியத்தைப் பதிய வந்து நின்றார். தொழிலாளர்கள் தெருவை அடைத்து நின்றார்கள். சுடலைமுத்து தலைக்குக் குளித்து ஈர வேட்டியோடு வந்தார். கோயில் மனேச்சர் சிவானந்தன் கையை நீட்டி மறித்தார்.

"நீ என்ன ஆக்கள்?"

பக்கத்தில் நின்ற இருளப்பன், கொப்பரையடிக் கூட்டாளி, காதுக்குள் சொன்னான்: "பிள்ளமாருன்னு சொல்லிரு அண்ணாச்சி. எவன் வந்து பாக்கப் போறான்?"

"சத்தியம் பண்ண வந்த எடத்துல பொய் சொல்லச் சொல்றியே, ஒனக்கே சிரிப்பா இல்ல?" என்றவர், மனேச்சரைப் பார்த்துத் தன் சாதியைச் சொன்னார்.

கதவு சாத்தப்பட்டது.

"சரி, இங்கனயே பண்ணுறேன்" என்று வாசற்படிக்குக் கீழே, மண்ணில், கற்பூரத்தைக் கொளுத்தினார். முதலாளி சொன்னதைத் தெருவே கேட்கச் சொல்லி, உள்ளங்கையால் அணைத்தார்.

இரத்தினசிங்கம் முதலியாரிடம் திரும்பினார். "சந்நிதியில எண்டுதான் ஒப்பந்தம். சத்தியம் நடக்கேல்லை எண்டு எழுதுங்கோ."

முதலியார் எழுதினார். நீதிபதி வழக்கைத் தள்ளினார்.

பொய் சொல்லியிருந்தால் உள்ளே விட்டிருப்பார்கள். உண்மை சொன்னதால் துரத்தினார்கள். இந்த இடத்தைத்தான் உண்மை குடியிருக்கும் இடம் என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது! உள்ளே நிற்கும் அந்தக் கல்லுக்கு வாயிருந்தால் அதற்கும் வக்கீல் வைத்து அடைத்திருப்பார்கள்.

இதைவிடக் கேவலம், தோற்ற கோபத்தைத் தொழிலாளர்கள் அவர் மேலேயே காட்டியது. "ஒத்தப் பொய் சொல்லியிருந்தா எல்லாருக்கும் கூலி வந்திருக்குமே" என்றார்கள். தேநீர்க் கடையில் அவர் தலை தெரிந்தால், "கற்பூரம் வருது, வழி விடுங்கடா" என்று சிரித்தார்கள். அவர் தேநீரைக் குடித்துவிட்டுக் கொப்பரைக்குத் திரும்பினார்.

சங்கம் விடவில்லை. அடுத்தது இருளப்பனின் வழக்கு. இரத்தினசிங்கம் மறுபடியும் கற்பூரத்தோடு எழுந்தார். ஸஹாப்தீன் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து சுடலைமுத்துவின் குரல் வந்தது: "வேணாம் நானா. சாட்சிய விசாரிக்கச் சொல்லுங்க."

சாட்சிக் கூண்டில் முதலில் ஏறியவரும் அவரே.

"நீ போனமுறை சத்தியம் பண்ணாமல் ஓடினவன்தானே?" என்றார் இரத்தினசிங்கம்.

"ஓடலங்க. மறிச்சாங்க. மறிக்கச் சொல்லி வச்சவரு அந்தா ஒக்காந்திருக்காரு. அந்தக் கோயில் தருமகர்த்தாவே அவருதான்னு பொறவுதாங்க தெரிஞ்சுது."

நீதிபதி நிமிர்ந்தார். நீங்கள்தான் அந்தக் கோயிலின் தருமகர்த்தாவா என்று கதிர்காமநாதனைக் கேட்டார். "ஓம்" என்று வந்த குரல் முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. பிறகு நான்கு தொழிலாளர்கள் ஏறி, கொப்பரையடியில் கேட்டதைக் கேட்டபடி சொன்னார்கள். இருளப்பன் வென்றான். மற்றவர்களும் வென்றார்கள்.

சுடலைமுத்துவுக்கு மட்டும் ஒன்றுமில்லை. தீர்த்த வழக்கைத் திரும்பத் தொட முடியாதாம். அப்பீலுக்குப் போகக் கூலியைவிடச் செலவு கூட. அந்த ஆண்டே முதலாளி கோயிலுக்கு வெள்ளித் தகடு போர்த்திய கதவொன்று செய்து கொடுத்து, தன் பெயரையும் அதில் பொறித்துக்கொண்டார்.

பாக்கி வாங்கிய அன்று இருளப்பன் தன் பங்கில் பாதியை நீட்டினான். சுடலைமுத்து வாங்கவில்லை. "நீயா எனக்குத் தர வேண்டியவன்?" என்று கேட்டுவிட்டு, நேரே முதலாளியின் மேசைக்குப் போனார்.

"அய்யா, என்னோடது?"

"உன்ர வழக்குத்தான் தள்ளுபடியாச்சே."

"வழக்குதாங்க தள்ளுபடி. நீங்க சொன்னது?"

முதலாளி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த சம்பள நாளிலும் போய்க் கேட்டார். அதற்கடுத்த சம்பள நாளிலும் கேட்டார். கொப்பரையடியில் அவர் இருந்த கடைசி மாதம்வரை கேட்டார்.