நகப்பூச்சுக் கோடு

அபூ சுஹைல் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே வீரபாண்டிக்குத் தெரிந்துவிடும், அவர் யாரைக் கூப்பிடப் போகிறார் என்று.

"யா ஜோதி!"

பதினோரு வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறவன் வீரபாண்டி. நாகஜோதி வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அவள் பெயர் அந்த அரபிக்கு மூன்றாவது வாரமே வாயில் ஏறிவிட்டது. வீரபாண்டி இன்றுவரை 'ரஃபீக்'. டீ கொண்டுவருகிறவனும் ரஃபீக், கார் துடைக்கிறவனும் ரஃபீக். பெயர் தெரியாத எல்லாருக்கும் அங்கே அதுதான் பெயர்.

புஜைராவிலிருந்து மலைப்பக்கம் அரை மணி நேரம் போனால் அந்தத் துப்பாக்கி சுடும் கிளப் வரும். வேட்டைக்கு வெளிநாடு போகிறவர்கள் தங்கள் ரைஃபிள்களை அங்கே இரும்பறையில் வைத்திருப்பார்கள். வாரக் கடைசியில் வந்து சுட்டுப் பார்ப்பார்கள். வீரபாண்டி மானாமதுரைக்காரன், வயது நாற்பத்து நாலு. முதலில் ஆறு வருடம் ஜுபைலில், பெட்ரோ கெமிக்கல் ஆலையில் பைப் ஃபிட்டர். குழாயோடு குழாயைப் பொருத்தி போல்ட் முறுக்குகிற வேலை. ஒரு சொட்டு கசிந்தால் ஆளுக்கு வேலை போய்விடும். தான் முறுக்கிய இணைப்பு ஒன்றுகூடக் கசிந்ததில்லை என்று இன்றைக்கும் ரூமில் சொல்லுவான். கிளப்புக்கு வந்தது, இலக்கு அட்டைகளை இழுத்துப் போகிற டிராலிகளைப் பார்த்துக்கொள்ள. ஆள் நம்பிக்கையானவன் என்று மேனேஜர் கலீலுர் ரஹ்மான் அவனைத் துப்பாக்கி மேசைக்கு மாற்றினார். மற்றதெல்லாம் அவனாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது.

நாகஜோதி கோயம்புத்தூர். காலேஜில் படிக்கும்போதே மாநிலப் போட்டியில் சுட்டு மெடல் வாங்கியவள். பிறகு துப்பாக்கிப் பழுது பார்க்கவும் முறையாகப் படித்திருக்கிறாள். கணவனுக்குப் புஜைரா துறைமுகத்தில், எண்ணெய் டேங்க் கம்பெனியில் வேலை. அவளிடம் ஒரு ஸ்குரூ டிரைவர் இருக்கிறது. வைத்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுத்து வழுகிவிடும். அதன்பிறகு கைப்பையிலிருந்து மெரூன் நகப்பூச்சை எடுத்து, ஸ்குரூவின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை மெல்லிசாக ஒரு கோடு இழுப்பாள்.

"என்னம்மா இது, பியூட்டி பார்லரா?" என்று முதல் நாளே கேட்டான் வீரபாண்டி.

"ஸ்குரூ அசைஞ்சா கோடு விலகிருங்ணா. பார்த்ததும் தெரிஞ்சுரும்."

"நாங்க முறுக்குனா அசையாது."

"அப்ப உங்களுக்குக் கோடே வேண்டாம்ங்ணா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பல நாள் செரிக்கவில்லை.

இதற்கு நடுவில் கஜகஸ்தான் வந்தது. அக்டோபரில் அபூ சுஹைல் தன் மகள் இஃப்பத்தோடு அங்கே மான் வேட்டைக்குப் போகிறார். துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ள கிளப்பிலிருந்து ஒரு ஆள் கூட வர வேண்டும். பத்து நாள், மலை, பனி. வீரபாண்டி பனியை டிவியில்தான் பார்த்திருக்கிறான். "ஜோதி வரட்டும்" என்றார் அபூ சுஹைல். மேசையில் இன்னொரு ஆள் நிற்பது அவர் கண்ணிலேயே படவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜோதி கணவன் காரில் கிளம்பிவிடுவாள். துப்பாக்கிகளை எண்ணி இரும்பறையைப் பூட்டுவது வீரபாண்டியின் டூட்டி. அவள் முடித்து வைத்ததை எடுத்து, குழலை அடிமரத்தோடு பிடித்திருக்கிற அடிப்பக்க ஸ்குரூவைத் தொட்டுப் பார்ப்பான். அவன் கைக்கு அது லூசு. டிக்கென்று சொன்னதும் விட்டுவிட்டால் எப்படி நிற்கும்? கால் சுற்று சேர்த்துக் கொடுப்பான். மரம் லேசாக முனகியதும்தான் கை நிற்கும். மெரூன் கோடு இரண்டு துண்டாக விலகுவதைப் பார்க்க ஒரு சுகம். கெடுக்க வேண்டுமென்று அவன் நினைக்கவில்லை. அவள் குறையாக விட்டதைத் தான் சரி செய்வதாகவே நினைத்தான். யாரிடமும் சொல்லவும் இல்லை. இப்படி மூன்று வாரம்.

ஒரு சனிக்கிழமை அபூ சுஹைல் தன் ரைஃபிளைச் சுட்டுப் பார்த்தார். நூறு மீட்டரில் அவருடைய ஐந்து குண்டும் ஒரு திர்ஹம் காசுக்குள் மறைகிற அளவில் விழும். அன்றைக்கு அட்டையில் குப்பூஸ் ரொட்டி அகலத்துக்குச் சிதறிக் கிடந்தது.

"ஷூ ஹாதா, ஜோதி? என்ன இது?" என்று அட்டையை மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

கலீலுர் ரஹ்மான் வீரபாண்டியைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ பாருப்பா. அவ செஞ்சத அவளே பார்த்தா சரி வராது. வியாழக்கிழமை வர்றாரு, காரணம் வேணும். ஜோதி கோளாறுதான்னா கஜகஸ்தானுக்கு நீ போற. கலாஸ், அவ்வளவுதான்."

வீரபாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. விசில் அடித்தபடி ஆரம்பித்தான். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் குற்றவாளி தப்பித்துவிடும். தோட்டாப் பெட்டியை மாற்றினான். அதே சிதறல். கிளப்பின் பயிற்சியாளர், நம்மூர் ஃபவாஸைச் சுடச் சொன்னான். அதே சிதறல், ஆக, சுடுகிற கை காரணமில்லை. வேறு ஸ்கோப்பை மாட்டினான். குழலைத் தேய்த்துக் கழுவினான். குழல் வாயை டார்ச் அடித்துப் பார்த்தான், ஒரு கீறல் இல்லை. "இன்னும் ஒண்ணும் மாட்டலையாண்ணே?" என்றார் ஃபவாஸ். "மாட்டும் மாட்டும்" என்றான்.

கடைசியில், குழலுக்கும் அடிமரத்துக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை விட்டு இழுத்தான். தடையில்லாமல் போக வேண்டிய காகிதம் பாதியில் சிக்கியது. மரம் குழலைத் தொடுகிறது. கடல் காற்றுக்கு மரம் ஊதியிருக்குமோ? மரமும் குழலும் சேருகிற இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறு கையால் முன் ஸ்குரூவைத் தளர்த்தினான். விரலுக்கு அடியில் குழல் மெல்ல எழும்பியது, அமுக்கி வைத்திருந்த மூச்சை விடுவதுபோல.

விசில் நின்றது. மரம் நசுங்க முறுக்கி, இரும்பையே வளைத்து வைத்திருக்கிறது ஒரு கை. அது யார் கை என்று அவனுக்குத் தெரியும்.

ஜோதியின் நோட்டிலிருந்த அளவை வைத்து, அவள் டிரைவரால் முறுக்கினான். 'டிக்.' அவன் கைக்கு அது இன்னும் லூசுதான். ஃபவாஸ் ஐந்து சுட்டார். அட்டையில் திர்ஹம் காசை வைத்தபோது ஓட்டைகள் அதற்குள் மறைந்தன. இதுநாள்வரை அவள் பெயர் மேல்தான் அவனுக்கு எரிச்சல். இப்போது அவள் கை மேலேயே வந்தது.

இரும்பறைக்குப் போய்ப் பார்த்தான். ஒன்பது ரைஃபிளில் கோடு விலகியிருந்தது. ஒன்றை மேசைக்கு எடுத்துவந்து, பஞ்சைத் தின்னரில் நனைத்தான். துடைத்துவிட்டு, மேசையில் அவள் விட்டிருந்த நகப்பூச்சாலேயே புதுக்கோடு இழுத்தால் தீர்ந்தது. 'ஜோதி அதிகமாக முறுக்கிவிட்டாள்.' ஒரே ஒரு வாக்கியம், கஜகஸ்தான் கையில்.

"என்னங்ணா, தின்னர் வாடை?"

ஜோதி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பஞ்சைப் பார்த்தாள். மேசையில் கிடந்த ரைஃபிளைப் புரட்டி, விலகிய கோட்டைப் பார்த்தாள். டிரைவரை எடுத்து அந்த ஸ்குரூவைத் தளர்த்தப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"இந்த முறுக்கு எனக்கு வராதுங்ணா" என்று டிரைவரைக் கீழே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கலீலுர் ரஹ்மான் உள்ளே வந்தார். "என்னப்பா, ஆள் அகப்பட்டுச்சா?"

ஜோதி வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

"நாந்தான் பாய்" என்றான் வீரபாண்டி. "இந்தப் புள்ள அளவாத்தான் முறுக்கியிருந்துச்சு. நான் சாயங்காலம் சாயங்காலம் சேத்து முறுக்கிட்டேன். ஒம்போதுலயும்."

"என்னத்துக்குப்பா?"

"லூசா இருந்துச்சு" என்றான். பிறகு, "எனக்கு" என்றான்.

இரும்பறைச் சாவி அன்றைக்கே ஃபவாஸ் கைக்குப் போனது. ஒன்பது துப்பாக்கியையும் வீரபாண்டி தளர்த்திக் கொடுக்க, ஜோதி அளவு வைத்து முறுக்கினாள். அதற்கு ஆன இரண்டு நாளும் "தளர்த்துங்ணா" என்பதற்கு மேல் அவனிடம் பேசவில்லை.

வியாழக்கிழமை அபூ சுஹைலிடம் மேனேஜர் அரபியில் விவரம் சொன்னார். அவர் கேட்டுவிட்டு மேசைக்கு வந்தார். ஜோதியைத் தாண்டி, நேராக வீரபாண்டியின் முன்னால் நின்றார்.

"ஷூ இஸ்மக்? உன் பெயர் என்ன?"

பதினோரு வருடம் காத்திருந்த கேள்வி. "வீரபாண்டி."

"வீரா... பாண்டி." இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், மறந்துவிடக் கூடாது என்பதுபோல. பிறகு ரைஃபிளை எடுத்து ஜோதியிடம் கொடுத்துவிட்டு, அவனைப் பார்த்து விரலை ஆட்டினார். "பாண்டி, நோ டச்."

அக்டோபரில் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குக் கஜகஸ்தானிலிருந்து படம் வந்தது. பனியில் இஃப்பத்தும் ஜோதியும். நடுவில் அந்த ரைஃபிள். வீரபாண்டி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். மெரூன் கோடு நேராக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு மறுபடியும் எடுத்துப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் மனைவி பானுமதி போனில் வந்தாள். பேச்சுக்கு நடுவில் சொன்னான், "அந்தப் பெரிய அரபி இருக்காருல்ல, இப்பல்லாம் என்னையப் பேரு சொல்லித்தான் கூப்பிடுறாரு."

"அடி ஆத்தி! நெசமாவா? என்னங்க செஞ்சீங்க?"

"அது... வேல விஷயந்தான்" என்றான் வீரபாண்டி. "நீ சாப்டியா?"