மெஷினுக்கு முக்காடு

போன வருடம் வெயில் காலம். பொம்மனஹள்ளியில் ஒரு அபார்ட்மெண்ட் வேலை. நாலாவது மாடியில் ஒயர் பைப் பதிக்க, கட்டிங் மெஷினால் சுவரை வெட்டிக்கொண்டிருந்தோம். நான் எட்டாங்கிளாஸோடு நின்றவன். வாய் மட்டும் டிகிரி முடித்திருந்தது. சைட்டில் என்னிடம் பட்டப்பெயர் வாங்காத ஆளே கிடையாது.

என்னோடு ஜோடியாக வெட்டியவர், தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வரும் ஒரு அண்ணன். நாற்பது வயதிருக்கும். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புது மெஷின் வந்ததும், பிளேடைப் பாதி மறைக்கும் இரும்பு மூடியைக் கழற்றிவிடுவோம். கார்டு என்போம் அதை. அது இருந்தால் மூலையில் பிளேடு போகாது, ஆழமும் கிடைக்காது, வேலை இழுக்கும். என் மெஷின் கார்டில் பீடிச் சாம்பல் தட்டிக்கொண்டிருந்தோம். இந்த அண்ணன் மட்டும் கழற்றவே மாட்டார்.

“என்னாண்ணா, மெஷினுக்கு முக்காடு போட்டு வச்சிருக்க? வெக்கப்படுதா?”

“ஆமாண்டா, உன் மூஞ்சியப் பாத்தா அதுக்கே பயமாம்.”

அன்றிலிருந்து அவர் பெயர் முக்காடு அண்ணன்.

ஒருநாள் அவர் டீ குடிக்கக் கீழே போனார். நான் அவர் மெஷினிலிருந்து கார்டைக் கழற்றிக் சுவருக்குப் பூசும் புட்டி இருந்த காலி பக்கெட்டில் போட்டு, மேலே ஒரு சாக்கை மூடினேன். பத்து நிமிஷம் தேடவிட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வந்தவர் மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். சாப்பாட்டுப் பையைக்கூடத் திறந்து பார்த்தார்.

“டேய், நீ எடுத்தியா?”

“நான் ஏண்ணா எடுக்கறேன்? வெக்கம் போயிருக்கும், அதுவே கழட்டிப் போட்டிருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் மேலே வந்தார். “பேகா பேகா! சீக்கிரம் முடிங்க! சாயந்தரம் ஓனர் வராரு. இந்த ரூம் இன்னும் ஆகலையா? என்னத்தத் தேடிக்கினு நிக்கற?”

அப்போதாவது நான் பக்கெட்டில் கை விட்டிருக்கலாம். அந்த ஆள் எதிரில் எடுத்தால் திட்டு எனக்கு விழும். என் மெஷினை எடுத்துக்கொண்டு என் சுவருக்குத் திரும்பினேன். அண்ணன் மெஷினை ஒருதரம் பார்த்தார். பிறகு சுவிட்சைப் போட்டார்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிளேடு சுவருக்குள் எதிலோ சிக்கி, மெஷின் துள்ளிப் பின்னால் வந்தது. அவர் கத்தவில்லை. இடது கையை அக்குளில் இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்துகொண்டே போனது.

இரண்டு பேர் அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். நானும் ஓடினேன். சூப்பர்வைசர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“நீ எங்கடா போற? அந்த மெஷினுக்கு கார்ட மாட்டு மொதல்ல. ஆபீசுக்கு போட்டோ அனுப்பணும்.”

நான் நேராகப் போய்ச் சாக்கை விலக்கி எடுத்தேன். அது அங்கே இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. மெஷினிலிருந்த ரத்தத்தைத் துடைத்து, கார்டை மாட்டி, ஸ்குரூவை முறுக்கினேன். ஒரு ஸ்குரூகூடக் கோணலாகப் போகவில்லை. அதுதான் கேவலம். சூப்பர்வைசர் போட்டோ எடுத்தார். “கார்டு இருந்துமே கவனமில்லாம வெட்டிக்கினான் சார்” என்று போனில் சொன்னார். அப்புறம் என் முதுகில் தட்டினார்.

“கில்லாடிடா நீ.”

மூன்று வருஷத்தில் அந்த ஆள் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு விரல் போயிருந்தது. மணிக்கட்டு வரை கட்டு. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்:

“டேய், கார்டு கெடச்சுதா?”

“கெடச்சுதுண்ணா.”

“எங்க இருந்துச்சு?”

“அங்கயேதாண்ணா.”

“பாரு, இன்னும் கொஞ்சம் தேடியிருக்கணும். என் தப்புதான்.”

கொண்டுபோன சாத்துக்குடியை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பொய் சொல்லி வந்துவிட்டேன்.

இப்போது நான் கார்டு போட்டுத்தான் வெட்டுகிறேன். கூட வந்த பழைய சைட் பையன் ஆரம்பித்துவைக்க, புது சைட்டில் என்னை முக்காடு என்று கூப்பிடுகிறார்கள். ரொம்ப ஜாக்கிரதையான ஆள் என்று அவர்களுக்கு நினைப்பு. அந்தப் பெயருக்கு உரியவரிடம் போய், பக்கெட்டைப் பற்றிச் சொல்லும் தைரியம் எனக்கு வரும்வரை, யார் அப்படிக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.