ஒரு முழச் சங்கிலி

என் மகளின் பிக்கப் வண்டியில், பின்பக்க பம்பருக்கு அடியில் ஒரு முழச் சங்கிலி தொங்குகிறது. துருப்பிடித்த, சாதாரணமான சங்கிலி. திருஷ்டிக்காகக் கட்டியது என்று தெருவில் நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. அதை அங்கே பற்றவைத்தவர் சித்தூரில் வேலூர் சாலையோரம் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி. லாரிகளின் பின்சக்கரத்துக்கு மேலே வில்போல வளைந்து பாரம் தாங்கும் இரும்புப் பட்டைகளைக் கழற்றி, வளைவு ஏற்றி, திரும்ப மாட்டுவது அவர் தொழில்.

மகள் திருப்பதியில் படித்து முடித்து, அங்கேயே கிடைத்த வேலையை வேண்டாம் என்றுவிட்டு, கார்வேட்டிநகரத்துக்கு அப்பால் மலைச்சரிவில் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்தாள். காயைச் சித்தூர் மாங்கூழ் ஆலைக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவேன் என்றாள். தோப்புப் பாதையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பாறையும் பள்ளமுமான இறக்கம், ஒரு பக்கம் ஓடை. பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுப்பு போட்டு அவளையும் வண்டியையும் மேஸ்திரியிடம் அழைத்துப் போனேன். பக்கத்துக்கு மூன்று பட்டை கூடுதலாக, கனமான ஷாக் அப்சார்பர், இன்ஜினுக்கும் டீசல் டேங்குக்கும் அடியில் தகடு என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன்.

அவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இன்னா டீச்சரம்மா, மாங்கா ஏத்த வண்டி கேக்கறியா, சண்டைக்குப் போற டாங்கி கேக்கறியா?"

"அம்மாவ விட்டா எனக்கும் அடியில ஒரு தகடு வச்சி அனுப்புவாங்க மேஸ்திரி" என்றாள் மகள்.

தகட்டுக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. பட்டைக்குத்தான் தயங்கினார். எங்கள் பக்கத்துத் தோப்புகளில் பாரத்தை யாரும் எடை போட்டு ஏற்றுவதில்லை. ஏற்றுகிற ஆள் குனிந்து பட்டையைப் பார்ப்பான். வளைவு நிமிர்ந்து கோடானதும் "சாலு, சாலு" என்று கையசைப்பான். போதும் என்று பொருள். பட்டையைப் பலப்படுத்திவிட்டால் அது லேசில் நிமிராது, ஏற்றுகிறவனும் நிறுத்த மாட்டான் என்றார். "பட்டை பலமாயிட்ச்சுன்னு பிரேக்குக்குத் தெரியாதும்மா. அது அதே பழைய பிரேக்குதான்."

நான் பிடிவாதம் பிடித்தேன். பலம் கூடினால் பத்திரமும் கூடும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு பட்டைதான் கூட்டினார். வேலை முடிந்ததும், வண்டியின் அளவான பாரத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கி, பம்பருக்கு அடியில் இந்தச் சங்கிலியைப் பற்றவைத்து, தரைக்கு ஒரு விரல் மேலே நிற்கும்படி நுனியை வெட்டினார். அப்புறம் மகளிடம், "பாப்பா, சமதரையில நிறுத்தி ஏத்து. இது தரையத் தொட்டா ஒரு கிரேட்டுகூட ஏத்தாத. யார் சொன்னாலும் ஏத்தாத" என்றார்.

அந்தப் பருவம் முழுக்க அவள் அப்படியே செய்தாள். ஏற்றுகிறவர்கள் அதற்கு மேஸ்திரி வால் என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள்.

கடைசிப் பறிப்பு அன்று ஞாயிற்றுக்கிழமை. நானும் தோப்புக்குப் போயிருந்தேன். மதியத்துக்கு மேல் மலைக்குப் பின்னால் வானம் கறுத்தது. சங்கிலி தரையைத் தொட்டபோது கொட்டகையில் இன்னும் இருபது கிரேட் காய் மிச்சம். ஏற்றியதை ஆலையில் இறக்கிவிட்டு மறுபடி வருவதாக மகள் சொன்னாள். மழையில் அந்தப் பாதையில் இன்னொரு தடவை அவள் போக வேண்டாம் என்று நினைத்தேன். ஒரே நடையாக ஏற்றிவிடலாம், பட்டை தாங்கும் என்றேன். அவள் "வேணாம்மா" என்றுவிட்டு ஆலைக்காரரிடம் போனில் பேச நகர்ந்தாள். கைப்பையில் விடைத்தாள் கட்டும் வெள்ளை நூல் எப்போதும் இருக்கும். குனிந்து, சங்கிலியை மடித்து பம்பரோடு சேர்த்துக் கட்டினேன். மிச்சத்தையும் ஏற்றச் சொன்னேன். அவள் திரும்பி வந்தபோது பாரம் ஏற்றிக் கட்டியாகிவிட்டது, தூறலும் தொடங்கிவிட்டது. பின்னால் போய் நூலைப் பார்த்தாள். வானத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டாவது வளைவில் அவள் கால் பிரேக்கை மிதித்து மிதித்து எடுப்பதைப் பார்த்தேன். "அம்மா, கெட்டியா புட்சிக்கோ" என்றாள், ஏதோ பஸ்ஸில் போவதுபோல. ஓடைப் பக்கம் விடாமல் மேட்டுப் பக்கம் ஒடித்தாள். வண்டி ஒரு பாறைமேல் ஏறி, அடித்தகடு கிறீச்சென்று இழுபட, அடிப்பாகம் பாறையில் பதிந்து நின்றது. கிரேட்டுகள் உடைந்து மாங்காய்கள் எங்களைத் தாண்டி இறக்கத்தில் உருண்டு போயின. ஸ்டியரிங்கில் மோதி அவளுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு.

நான்காம் நாள் பட்டறைக்கு வண்டியை இழுத்துப் போனோம். மேஸ்திரி தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் வந்து குனிந்தார். நூல் முடிச்சை விரலால் நிமிண்டினார்.

"யாரு கட்டினது?"

"நான்தான் மேஸ்திரி" என்றாள் மகள், கட்டுப் போட்ட தோளோடு.

அவளை அவர் திட்டினார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். படித்த பெண் செய்கிற வேலையா என்றார். நான் அருகில்தான் நின்றிருந்தேன். முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் தப்பு செய்தவன் யார் என்று நிமிஷத்தில் கண்டுபிடிக்கிற எனக்கு வாய் வரவில்லை. திட்டி முடித்ததும் அவர் நூலை அறுத்தார். அதைக் கீழே போடவில்லை, அவளிடம் கொடுக்கவும் இல்லை. என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது அந்தப் பட்டறை இல்லை. மேஸ்திரி சூளூர்பேட்டையில் தன் மகள் வீட்டோடு போய்விட்டதாகச் சொல்கிறார்கள். கேட்டால் போன் நம்பர் கிடைக்கும். நான் கேட்கவில்லை. மகளும் நானும் அந்த நூலைப் பற்றி இதுவரை பேசியதில்லை.

அவள் இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறாள். காலையில் அவள் கிளம்பும்போது நான் வண்டியின் பின்னால் போய்க் குனிகிறேன். சங்கிலி கட்டில்லாமல் தொங்குகிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கிறேன். சாவியைத் திருகாமல், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, நான் நிமிரும்வரை அவள் காத்திருக்கிறாள்.